ஈர மணலுக்குப் போக ஒரு வண்டி

காலை ஆறரை, மயிலாப்பூர்.

எங்கள் வீட்டிலிருந்து கடல் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. தார் ரோடு இருக்கும்வரை எனக்கு ஒரு பிரச்சினையும் கிடையாது. பக்கச் சக்கரங்கள் வைத்த என் ஸ்கூட்டர் போய்விடும். ரோடு முடிந்து மணல் ஆரம்பிக்கிறதே, அங்கேதான் வம்பு. எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இடது காலில் இரும்புப் பட்டை, இடது கக்கத்தில் ஒரு கட்டை. மணலில் இரண்டும் புதையும். ஸ்கூட்டர் அவற்றுக்கும் முன்னால் புதையும்.

என்னைத் தண்ணீர்வரை இரண்டு தடவை தூக்கிப் போயிருக்கிறார்கள். பத்து வயதில் சேது அண்ணா முதுகில் சுமந்தான். அது பரவாயில்லை. முப்பது வயதில் சித்தி பிள்ளைகள் இரண்டு பேர் கையைக் கோத்து நாற்காலி மாதிரி செய்து, சுண்டல் விற்கிறவர்கள், பலூன் சுடுகிறவர்கள், காதலர்கள் எல்லார் நடுவிலும் ஊர்வலமாகத் தூக்கிப் போனார்கள். நான் கடலைப் பார்த்தேனோ இல்லையோ, என்னைப் பார்த்தவர்களைப் பார்த்தேன். இனிமேல் போனால் நானாகத்தான் போவேன், இல்லையென்றால் கடலே வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஒன்பது வருஷம் கழித்து, கேபிள் டி.வி.யில் ஏதோ வெளிநாட்டு விவசாயி ஒருவர், பின்னால் நாயை உட்காரவைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் ஒரு நாலு சக்கர பைக்கை ஓட்டிப் போனதைப் பார்த்தேன். பைக் மாதிரியே ஹாண்டில்பார், குண்டு குண்டாக நாலு டயர். எஞ்சினின் இழுவை நாலு சக்கரத்துக்கும் போகிறது. அதனால் சேறோ மணலோ மாட்டிக்கொள்வதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

ஒரு வருஷம் விசாரித்ததில், சென்னையில் விலைக்கு வரக்கூடியவை இரண்டு என்று தெரிந்தது. தி.நகரில் ஒன்று, அடையாறில் ஒன்று. இப்படியாகத் தொண்ணூற்றாறில், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழுமலையின் ஆட்டோவில் கிளம்பினேன். நாள் வாடகை பெட்ரோலோடு இருநூறு. சேது அண்ணா கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்டான். அவன் பாங்க்கில் வேலை பார்க்கிறவன், எதையும் இரண்டு தடவை யோசிப்பவன். கையில் ஒரு மஞ்சள் பை.

"ஏண்டீ கோமு, ஸ்கூட்டர் இருக்கு, ஆட்டோ இருக்கு. சர்க்கஸ்காரா மாதிரி அந்த வண்டி எதுக்குடீ?"

"கடலுக்குப் போக."

"கடலுக்குத்தானே? நான் தூக்கிண்டு போறேன்."

"அதுக்குத்தான் அண்ணா வண்டி."

அவன் மஞ்சள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான். பையை எட்டிப் பார்த்தேன். நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம், குங்குமம்.

"இன்னும் வாங்கவே இல்லை, அதுக்குள்ள பூஜையா?"

"ஏறி உக்காரப்போறியோல்லியோ? பழம் வைக்காம உன்னை எந்த வண்டியிலயும் ஏத்த மாட்டேன். வாங்கறியோ வாங்கலையோ, அது அப்பறம்."

"ஐயர் சொல்றது கரீட்டும்மா," என்றார் ஏழுமலை முன்னாலிருந்து. "என் ஆட்டோவுக்கும் பழம் வெச்சிட்டுதான் சாவிய தொட்டேன்." ஒரு ஓட்டு என்றால்கூடச் சமாளிக்கலாம். இரண்டு ஓட்டு விழுந்துவிட்டது.

ஏழரை மணி, தி.நகர்.

ஆழ்வார்ப்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக ஐந்து கிலோமீட்டர். பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் தகரக் கொட்டகை. வெளிநாட்டுப் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் சவுந்தர், அந்தக் காலை நேரத்திலேயே தும்பைப்பூ வெள்ளையில் பேன்ட் போட்டுக்கொண்டு நின்றார். தார்ப்பாயை ஒரே இழுப்பில் இழுத்தார்.

சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு! புத்தம்புது மாதிரி மினுமினுத்தது. கல்யாணப் பெண் கணக்காக உட்கார்ந்திருந்தது. மனசுக்குள் அப்போதே நான் அதை வாங்கிவிட்டேன்.

"இது ஃபோர் வீல் டிரைவ்தானே? பின் சக்கரம் மட்டும் சுத்தற வண்டியா இருந்தா எனக்குப் பிரயோஜனமில்லை. மணல்ல மாட்டிக்கும்."

"மேடம், நாலுக்கும் இழுவை போவுது. நான் கியாரண்டி."

கியரைக் கால் கொண்டு மாற்ற வேண்டியிருந்தது. அதுவும் இடது கால். "அதுக்கு ஒரு கம்பி வெல்டு பண்ணிக் கையிலயே போடற மாதிரி குடுத்துடறேன்," என்றார். நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிறதா என்று அடியில் குனிந்து பார்ப்பது எனக்குக் கஷ்டம். அண்ணாவைப் பார்க்கச் சொன்னேன். அவன் மண்டிபோட்டு, ரொம்ப நேரம் பார்த்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"நிறைய இரும்பு இருக்கு," என்றான்.

விலை எழுபதாயிரம். மணலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் என்றேன். சவுந்தர் முகம் சுருங்கியது. அதுவரை யாரும் மணல் கேட்டதில்லையாம், எல்லாரும் சிமென்ட் தரையில்தான் பார்த்து வாங்கினார்களாம். அப்போது அவர் கண் மஞ்சள் பையில் விழுந்தது.

"பூஜை போடப் போறீங்களா சார்?"

"பின்னே? போடாமலா ஏறுவா?"

சவுந்தர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! எங்கள் ஊரில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டால் அந்த வண்டி உங்களுடையது. அப்புறம் வேண்டாம் என்பது, தாம்பூலம் மாற்றிக்கொண்ட பிறகு சம்பந்தத்தை முறிக்கிற மாதிரி. பெசன்ட் நகர் மணலுக்கு வண்டியைக் கொண்டுவர டெம்போ தன் செலவு என்று அவரே சொல்லிவிட்டார். அண்ணாவைக் கிள்ளலாமா என்று வந்தது எனக்கு.

ஒன்பது மணி, அடையாறு.

நந்தனம், கோட்டூர்புரம் பாலம், அடையாறு. அங்கிருந்து பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பக்கம். மொத்தம் எட்டு கிலோமீட்டர். குப்பத்துக்கு முன்னாலேயே ஜமால் பாயின் கிடங்கு. பாய் ஷாமியானா பந்தல் போடுகிறவர். மூங்கிலும் துணிச் சுருளும் நாற்காலி அடுக்குமாக இருந்த கிடங்கின் மூலையில் இரண்டாவது வண்டி நின்றது.

ஐயோ, அதன் அழகை என்ன சொல்ல! பாசிப் பச்சை. மகாபலிபுரம் பக்கத்துச் சேறு வேறு காய்ந்து ஒட்டியிருந்தது. முன்னாலும் பின்னாலும் இரும்புக் கேரியர். கிழிந்துபோன சீட்டைச் சிவப்பு மஞ்சள் ஷாமியானா துணி போட்டுத் தைத்திருந்தார்கள்.

"அரே, மூஞ்சியப் பாக்காதீங்கம்மா," என்றார் பாய். "இது எருமை. கடற்கரைக் கல்யாணம் ஒண்ணுல முப்பது பந்தக்கால கட்டி இழுத்துச்சு. மாப்பிள்ளைய விட்டுட்டு எல்லாரும் இதத்தான் பாத்தாங்க."

"இப்ப ஏன் விக்கறேள்?" என்றேன்.

"டெம்போ வாங்கிட்டேன். ரெண்டையும் வெச்சா வீட்டுல என்னை வெளியில நிறுத்துவாங்க."

ஒரு விஷயம் நன்றாக இருந்தது. கியர் கையில். பிரேக் கையில். பெட்ரோல் வலது கட்டைவிரலில். காலுக்கு வேலையே இல்லை. நான் மயிலாப்பூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவள். இருபது வருஷம் ஸ்பேஸ் பார் தட்டிய கட்டைவிரலுக்கு இது ஒரு வேலையா? ஆனாலும் மனசு தி.நகரிலேயே இருந்தது. விலை தொண்ணூற்றிரண்டாயிரம் என்றதும் எனக்கு நிம்மதிதான். சும்மா பார்த்த மாதிரி பார்த்துவிட்டு, மணலில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டச் சொன்னேன். பாய்க்கு மனசு நோகக்கூடாதே.

பத்து மணி, ஊரூர் ஒல்காட் குப்பம்.

ஏழுமலைக்கு அந்தக் குப்பம்தான் சொந்த இடம். அவர் அக்கா கஸ்தூரி, மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்களை மறித்தாள்.

"தோ பாரும்மா, வலை காஞ்சிக்கினு கீது. அந்தக் கயித்துக்கு இந்தாண்ட எங்க வேணாலும் ஓட்டிக்கோ. வலை மேல வீல் ஏறிச்சு, வண்டி கடலுக்குள்ள போயிடும், சொல்லிட்டேன்."

"ஏறாது."

"இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம்? தண்ணியாண்ட போவணும்னா நம்ம பசங்க தூக்கிக்கினு போவாங்களே."

"அது வேண்டாங்க. நானாப் போகணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப போ," என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

டெம்போவிலிருந்து சிவப்பு இறங்கியது. ரோட்டிலிருந்து தண்ணீர்வரை நூற்றைம்பது மீட்டர் பொலபொல மணல். அண்ணா குங்குமம் வைத்தான். கற்பூரம் கடற்காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. ஏழுமலை சட்டையை விரித்து மறைத்து நின்றார். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம். சவுந்தர் கைகட்டி பக்தியோடு நின்றார்.

கட்டையை ஏழுமலையிடம் கொடுத்தேன். இடது காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டு ஏறினேன். சவுந்தர் கியர் போட்டுவிட்டார். கட்டைவிரலை அழுத்தினேன்.

ஆட்டோ நீளம் போயிருப்பேன். பின் சக்கரம் உர்ரென்று மணலை வாரி இறைத்தது. அதோடு நசுங்கிய பழம் ஒன்று பறந்துபோய்ச் சவுந்தரின் வெள்ளைப் பேன்ட்டில் அடித்தது. "நல்லாக் குடுங்க மேடம்!" என்று கத்தினார். நல்லாகக் கொடுத்தேன். நல்லாகப் புதைந்தது. சீட்டுக்கு அடிவரை மணல். எஞ்சின் அணைந்துபோயிற்று.

கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு பேர் என்னைத் தூக்க ஓடிவந்தார்கள்.

"தொட்டேள்னா கத்துவேன்!"

அவர்கள் நின்றுவிட்டார்கள். நானே சரிந்து இறங்கி மணலில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அழகில் மயங்கி ஏமாந்த எரிச்சல் ஒரு பக்கம். எதிரே, கூப்பிடு தூரத்தில் கடல். இதற்கு அந்த ஊர்வலமே மேல் என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது, அதுதான் ரொம்ப வலித்தது. கஸ்தூரி வந்து பக்கத்தில் குந்தினாள். தூக்கவெல்லாம் இல்லை.

"இந்தச் செவப்பு ஷோவுக்கு. அந்த எருமைய எடேன்."

சவுந்தர் பேன்ட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். "மணல் ஜாஸ்தி மேடம், பழகினா சரியாயிடும். அதான் பழம் வெச்சாச்சே. பூஜை முடிஞ்சது, இனிமே உங்க வண்டி."

எங்கள் ஊர் வழக்கப்படி அவர் சொல்வது நியாயம்தான். அப்போதுதான் அண்ணா முன் சக்கரத்துக்கு எதிரே மண்டிபோட்டான். மணலைக் கையால் துழாவி இரண்டு பழத்தை எடுத்தான். முழுசாக இருந்தன. ஒரு கீறல் இல்லை. முன் சக்கரங்கள் சுற்றாமல் அவற்றைத் தள்ளிக்கொண்டே போயிருக்கின்றன.

"இது நசுங்கலை," என்றான் அண்ணா.

"பின்னாடி வெச்சது நசுங்கிச்சே சார்."

"பாதி பூஜைன்னு ஒண்ணு கிடையாது. வெச்சது எல்லாம் நசுங்கினாத்தான் வண்டி நம்மது. முன் சக்கரத்துக்கு இழுவை போறதுன்னேளே, போயிருந்தா இது ஏறி நசுக்கியிருக்காதோ? என் தங்கைக்குப் பொய் சொல்லி விக்கப் பாக்கறேளா?"

பாங்க்கில்கூட அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சவுந்தர் பேன்ட்டிலிருந்த எலுமிச்சைக் கறையைத் தேய்க்க ஆரம்பித்தார். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். "போடு ஐயரே!" என்றார் ஏழுமலை. காலையிலிருந்து கிள்ளத் தோன்றிய அண்ணாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. டெம்போவும் சிவப்பும் ஆறு ஆள் தள்ளலோடு தி.நகர் திரும்பின.

பாய் எருமையை ஓட்டிக்கொண்டு வந்து மணலில் நிறுத்தினார். அண்ணா அந்த இரண்டு பழத்தையும் துடைத்து முன் சக்கரங்களுக்கு அடியில் வைத்தான். நான் ஏறினேன். ஷாமியானா துணி மெத்தென்று இருந்தது. கட்டைவிரலை அழுத்தினேன். பழம் இரண்டும் பச்சக்கென்று நசுங்கிச் சாறு தெறித்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறி நின்றது.

"முடிஞ்சுச்சு!" என்று பாய் கைதட்டினார். "எண்பத்தெட்டு குடுங்க, போதும். என் கிடங்குலயே நிக்கட்டும், எப்ப வேணா வந்து எடுங்க."

"தந்தேன்!" என்றேன். என் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சாமான் அதுதான்.

அப்புறம் நான் யாரையும் பார்க்கவில்லை. நாலு சக்கரமும் மணலைப் பிடித்து இழுத்தன. எருமை முனகிக்கொண்டே போயிற்று. கயிற்றைச் சுற்றி, படகுகளுக்கு நடுவே, கடைசி மேட்டில் ஏறி, இறங்கி, அடியில் மணல் கெட்டியாவது எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. ஈர மணல்! ஒரு அலை வந்து முன் சக்கரத்தை நனைத்து, என் காலை நனைத்து, இரும்புப் பட்டையில் நுரையை விட்டுப் போனது. பக்கத்தில் யாருமில்லை. யாருடைய முதுகும் இல்லை, கையும் இல்லை. கடலும் நானும். "வந்துட்டேன்!" என்று அதனிடம் சத்தமாகவே சொன்னேன். சொன்னால் என்ன?

வண்டியைக் கரையோரமாகத் திருப்பி, ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்து ஓட்டினேன். மயிலாப்பூர்த் தெருக்களில் நான் போனால் ஜனங்கள் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். கூட நடக்கிறவர்கள் நாலு அடி போய், ஞாபகம் வந்து, நின்று திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே காகங்கள்தான் என்னைப் பார்த்து விலகின. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் யாரோ கத்துவது கேட்டது. திரும்பினேன். அண்ணா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்துகொண்டிருந்தான்.

"மெதுவாப் போடீ கோமு! உன்னோட என்னால வரமுடியலை!"

பள்ளிக்கூடத்தில், கோயிலில், கல்யாண வீடுகளில், எத்தனையோ பேர் முதுகைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகள் அவை. என்னைப் பார்த்து ஒருத்தர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்தி, ஒரு ஐம்பது அடி அவனை நன்றாக ஓடவிட்டேன். அப்புறம் நிறுத்தி, பின்னாலிருந்த கேரியரைத் தட்டி, "ஏறிக்கோ அண்ணா," என்றேன்.