சுடலை அண்ணன் லாரி ஓட்டினதில்லை

சுடலைமுத்து அண்ணன் போயிட்டார். இன்னிக்குக் காலையில, சித்திரபுரம் வீட்டிலேயே. ஹார்ட் அட்டாக்.

நிம்மதியா அழக்கூட விடமாட்டேங்கிறாங்க... ஜங்ஷன்ல லைப்ரரி கமிட்டி வச்சிருக்கிற ஃப்ளெக்ஸைப் பார்த்ததிலிருந்து எரிச்சலா வருது. போட்டோவுக்குக் கீழே 'எழுத்தாளர், முன்னாள் லாரி ஓட்டுநர்'னு போட்டிருக்காங்க.

லாரியா? அவரும் நானும் ஒரே டீ ஃபேக்டரியில, ஒரே ஷிஃப்ட்ல வேலை பார்த்தவங்க. அவருக்கு சைக்கிள் கூட வராது. வட்டவடைக்கு ஒரு கல்யாணத்துக்கு ஜீப்ல போனப்ப, முன் சீட்டைக் கொடுத்தும் வழியெல்லாம் வாந்தி எடுத்த மனுஷன்.

வாளையார் செக்போஸ்ட்ல மாட்டிக்கிட்ட ஒரு லாரி டிரைவர், 'நான்'னு சொல்ற மாதிரி ஒரு கதை எழுதினார். அவ்வளவுதான். உடனே அது அவரேதான்னு முடிவு பண்ணிட்டாங்க. இப்ப ஃபேஸ்புக் கமெண்ட்ல 'ரோட்டுல எவ்வளவு கஷ்டப்பட்டீங்க அண்ணா'ன்னு வேற...

இன்னொரு கதையில ஒரு வீட்டுச் சண்டையை மூணு பேர் சொல்லுவாங்க. புருஷன், பொண்டாட்டி, அந்த வீட்டு நாய். மூணுமே 'நான்'தான். டீ டைம்ல நாய் பேசுற இடத்தை மட்டும் எனக்குத் திரும்பத் திரும்பப் படிச்சுக் காட்டுவார்.

எஸ்டேட் லயத்து வீடுகள்ல ஒருத்தர் கூட நாயைப் பத்திக் கேட்கலை. நேரா அவர் சம்சாரம் செல்வி அக்காகிட்ட வந்து, "உன்னைய அடிக்காராம்லா?"ன்னு விசாரிச்சாங்க.

அக்கா அவர்கிட்ட கேட்டாங்க: "உங்க கதையில என்னைய எதுக்குப் பேச வைக்கிய? எனக்கு வாய் இல்லையா?"

"அது நீ இல்லட்டி, வேற ஒருத்தி"ன்னு சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போனார். அதுக்கப்புறம் வீட்டைப் பத்தி ஒரு கதையும் எழுதலை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை.

அதனால இன்னிக்கு நான் விடலை. கமிட்டி செக்ரட்டரிகிட்ட சண்டை போட்டு, அண்ணனை எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த வரி மேல ஒரு பேப்பராவது ஒட்டச் சொல்லிட்டேன். கடைசி நாள்லயாவது அவரை அவராப் பார்க்கட்டுமேன்னு...

செல்வி அக்காகிட்ட போய்ச் சொன்னேன்.

"இருக்கட்டும் தம்பி. அவுகளுக்கு லாரின்னா உசுரு. வாந்தி வரும்னுதான் அந்தப் பக்கமே போகல. இன்னிக்கு ஒரு நாளாவது ஓட்டட்டும்."

செக்ரட்டரிகிட்ட போய், பேப்பர் ஒட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். கமிட்டி மேல கோபம் அப்படியேதான் இருக்கு.

சாயங்காலம் எடுக்கிறாங்க.

வளைவுல பார்த்துப் போங்க அண்ணே.