புற்றுக்கு ஒரு முட்டை

தேவனூர் நாட்டுப் பள்ளியில் அறிவியல் நடத்த வந்தபோது என் மகளுக்கு மூன்று மாதம். தற்காலிக வேலை, விடுப்பு கேட்டால் ஒரேயடியாக வீட்டிலேயே இருந்துகொள்ளச் சொல்லிவிடுவார்கள். அதனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறினேன். வந்த வாரமே அவள் மார்பைப் பிடிக்க மறுத்துவிட்டாள். காம்பு வாயில் பட்டாலே உடம்பை வளைத்துக் கத்துவாள். எனக்கும் பால் வற்றிக்கொண்டு வந்தது. புட்டிப்பால் கொடுத்தால் கக்கினாள். "திங்கக்கிழமைக்குள்ள எடை ஏறலைன்னா கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்று எடை பார்த்த ஊர் நர்ஸ் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் பாலூட்டிகள் பாடம். பசு, வௌவால், நாம் எல்லாரும் குட்டி போட்டுக் காம்பு வழியாகப் பால் கொடுக்கும் கூட்டம். பிளாட்டிபஸும், முள்ளம்பன்றி மாதிரி இருக்கும் எகிட்னாவும் மட்டும் முட்டையிடும். அவற்றுக்கும் ரோமம் உண்டு, பால் உண்டு, காம்புதான் கிடையாது. வயிற்றுத் தோலில் வேர்வை மாதிரி பால் கசியும், குட்டி அதை நக்கிக் குடிக்கும். சொல்லும்போதே எனக்கு வயிறெரிந்தது. வாத்து மூக்கு வைத்த ஒரு பிராணிக்கு இருக்கும் கொடுப்பினை எனக்கு இல்லை.

"முட்டையும் போட்டு, பாலும் குடுக்குமுங்களா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். "புத்துக்கு நாம வெக்கற ரெண்டும் அதுகிட்டயே இருக்குதுங்களே!"

வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்: "புத்துக்குப் பாலும் முட்டையும் வெச்சுட்டு வாங்க சாமி, புள்ள பால் குடிச்சுரும். திரும்பி மட்டும் பாக்காதீங்க." பாம்பு பால் குடிக்காது என்று அவருக்கே பாடம் எடுத்தேன். ஆனால் பள்ளி விட்டதும் கடையில் ஒரு முட்டை வாங்கியவளும் நானேதான். பால் வாங்கவில்லை. அந்த அளவுக்காவது டீச்சராக இருக்கப் பார்த்தேன்.

மிளகுத் தோட்டத்துக்குப் பின்னால் என் தோள் உயரத்துக்குப் புற்று. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. முட்டையைப் புற்றின் வாயில் வைத்தேன். உள்ளிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல் வெதுவெதுப்பான காற்று கையில் பட்டது. பத்தடி நடந்ததும் பொறுக்கமாட்டாமல் திரும்பிப் பார்த்தேன். முட்டை இல்லை. பனி மறைத்தது என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது ரவிக்கை நனைந்தது. யாரும் தொடாமல், குழந்தை அழாமல், பால் தானாக வழிந்து வயிறுவரை இறங்கியது. பயத்தில் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா மடியில் மகள் விழித்தபடி சத்தமே இல்லாமல் கிடந்தாள். வாங்கி, ரவிக்கையை அவிழ்த்து அணைத்தேன். அவள் காம்பைத் தேடவில்லை. முகத்தைக் கீழே திருப்பி, பால் வழிந்த தோலில் நாக்கை வைத்தாள்.

"ஏனுங்க டீச்சர், புள்ள நக்குதுங்க!" அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"நக்கட்டும், விடுங்க."

எனக்கு அழுகை வந்தது. அவள் நிறுத்திவிடக் கூடாதே என்று, அப்படியே தரையில் உட்கார்ந்து அசையாமல் இருந்தேன்.