கோலுக்குப் பின்னால் நின்ற மண்டிக்காரர்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். நான் வாங்கிய ஏழு கோலும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

திண்டுக்கல்லில் மூட்டை தூக்கிப் பிழைத்து, பிறகு சொந்தமாக வெங்காய மண்டி வைத்த ஒருவர் இரண்டு ஃபுட்பால் கிளப் நடத்தினார். பெரிய தொப்பை, வேட்டியில் எப்போதும் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். தன்னுடைய இரண்டு டீமும் மோதினால், தோற்கிற பக்கத்துக் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

ஒருநாள் அவருடைய டவுன் டீமும் தாடிக்கொம்பு டீமும் மோதின. தாடிக்கொம்பு டீமுக்கு நான் கோல்கீப்பர். ஐந்தாவது கோல் விழுந்ததும், இனி டீமில் எனக்கு இடமில்லை என்று தெரிந்துவிட்டது. அவர் வந்து நின்றார். என் வாய் சும்மா இருக்குமா?

“என்ன மொதலாளி, பந்து பொறுக்க வந்தீங்களா?”

“ஆமாப்பு. நீ முன்னால பாரு. பின்னால வாரத நான் பாத்துக்கிறேன்.”

இன்னும் இரண்டு விழுந்தன. தொப்பை குலுங்க ஓடி, இரண்டையும் அவரே எடுத்து வந்து கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும், “ஞாயித்துக்கெழம வந்துரு. நீதான் கீப்பர்” என்றார்.

எப்போதும் ஜெயிக்கிற டவுன் டீமில் ஆடிய என் சிநேகிதனிடம் ஓடினேன். “ஏலே, ஏழு வாங்கியும் மொதலாளி என்னைய விடல, பாத்தியா?”

அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: “எங்க கோலுக்குப் பின்னால அவரு ஒருநாளும் வந்து நின்னதில்லடா.”