பூட்டிய வீட்டுக்குள் கேட்ட இருமல்

என் மகள் மெர்லின் மூச்சுக்காகக் கதவிடுக்கில் வாயை வைத்துக் கிடந்தாள். ஆண்டவருடைய பிள்ளைகளே, அந்த மதியத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

நாங்கள் இலங்கையில் மன்னார்ப் பக்கத்துக்காரர்கள். அகதி முகாமிலிருந்து அனுமதி வாங்காமல் எண்ணூருக்கு வந்து ஓர் ஒற்றை அறையில் ஒளிந்திருந்தோம். கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்த என் கணவர், தினமும் எங்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுபோவார்.

"ஆர் தட்டினாலும் சத்தம் போடாதை. ஆளில்லாத வீடு எண்டு நினைக்கட்டும்" என்பார்.

மூன்று வயது மெர்லின் இருமினால் நான் அவள் வாயைப் பொத்துவேன்.

தெருமுனைச் சபையிலிருந்து ஸ்டெல்லா அக்கா வாரம் ஒருமுறை ஏழை வீடுகளுக்கு அரிசி கொண்டுவருவார். எங்கள் பூட்டைப் பார்த்த பிறகும் ஜன்னலில் ஒரு பை வைத்துவிட்டுப் போனார். எனக்கு நன்றி தோன்றவில்லை, பயம்தான் வந்தது. நாளைக்குப் போலீசோடு வருவாரோ?

மார்கழி மாதம் அது. காலையிலிருந்தே காற்று அருகிலிருந்த உரத் தொழிற்சாலைப் பக்கமிருந்து வீசியது. முதலில் தெருநாய்கள் குரைப்பதை நிறுத்தின. பிறகு மூத்திர நெடி போல ஒரு வாடை. கண் எரிந்தது. "கேஸ் லீக்காயிடுச்சி, ஓடுங்க!" என்று வெளியே கத்தினார்கள். ஆட்டோக்கள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த அமைதிதான் என்னை உடைத்தது.

கதவைத் தட்டினேன். அந்த நெடியில் கத்த முடியவில்லை. கணவர் போனை எடுக்கவில்லை. சேலையை நனைத்து மகளைப் போர்த்தினேன். முகாமை விட்டு வந்ததிலிருந்து நான் ஜெபித்ததே இல்லை. அன்று முழங்காலில் விழுந்தேன்.

"ஆண்டவரே, நாங்கள் இங்க இருக்கிறது ஆருக்கும் தெரியாது. உமக்குத் தெரியும்."

அவ்வளவுதான் வாயில் வந்தது. மெர்லின் இருமினாள். இந்த முறை நான் பொத்தவில்லை.

வெளியே ஓர் ஆண்குரல் கேட்டது. "பூட்டு தொங்குதுக்கா, வூட்ல யாரும் இல்ல. வா, போயிடலாம்!"

"இல்லப்பா, உள்ள கொயந்த கீது. போன வாரமே இருமுற சத்தம் கேட்டேன். அந்தக் கல்ல எடு!"

மூன்றாவது அடியில் பூட்டு உடைந்தது. முகத்தில் ஈரத்துண்டோடு ஸ்டெல்லா அக்கா நின்றார். மகளை வாரிக்கொண்டு சபை வேனுக்கு ஓடினார்.

"இன்னாத்துக்கும்மா புள்ளையோட இப்டி பூட்டிக்கினு கெடந்தே?"

நான் அழுதுகொண்டே வேனில் ஏறினேன்.

மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து மகள் பிழைத்தாள். பிறகு சபையார் எங்களோடு அதிகாரிகள் முன் வந்து நின்றார்கள். முகாமை விட்டு வந்ததற்கான விசாரணை இன்னும் முடியவில்லை. ஆனாலும் நாங்கள் ஒளிவதில்லை.

தொழிற்சாலை அங்கேயேதான் இருக்கிறது. காற்று திரும்பும் நாட்களில் மெர்லின் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அப்போதெல்லாம் நான் ஸ்டெல்லா அக்காவோடு தெருவில் இறங்கி, எழ முடியாதவர்கள் இருக்கும் வீடுகளைப் பார்த்து வருகிறேன்.

பயந்து ஒடுங்கிக் கிடக்கிறவர்களே, ஆண்டவரை வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அவர் அனுப்பிய ஆள் உங்கள் வாசலுக்கு ஏற்கெனவே வந்துபோயிருக்கலாம்.