பேர் வைக்காமல் வளர்த்தவர்

மாட்டுக்கொட்டிலுக்குள் நுழைந்ததும் மாட்டு வைத்தியர் தம்பிஐயாப் பரியாரி மாட்டைப் பார்ப்பதில்லை. குனிந்து கொஞ்சம் சாணத்தை எடுத்து, பெருவிரலால் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோவார். "நேற்றுப் புண்ணாக்கு அளவுக்கு மிஞ்சி வைச்சனியள்," என்பார். இல்லவே இல்லை என்று வீட்டுக்காரர் சாதிப்பார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "நீங்கள் பொய் சொல்லுவியள். உது சொல்லாது," என்பார்.

மீசாலையில் அவரைத் தெரியாத மாடு இல்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பழைய றலிச் சைக்கிள், பின்னால் மருந்து பருக்குகிற மூங்கில் குழாய், கைப்பிடியில் ஒருநாளும் விரிக்காத குடை. மழையில் தோய்ந்துகொண்டு வருவார். கேட்டால், "குடையைக் கண்டால் நாம்பன் மாடு மிரளும்," என்று காரணம் சொல்வார். மாடே இல்லாத வீட்டுக்குப் போகும்போதும் அவர் அதை விரித்து நான் கண்டதில்லை.

எண்பத்துநாலாம் ஆண்டு மாசி மாதம், குருநகர் சிமியோன் வன்னியிலிருந்து விறகு ஏற்றிவந்த லொறியை நேரே அவருடைய படலையில் கொண்டுவந்து நிறுத்தினான். விறகுக்கு நடுவே, கயிற்றால் அணைத்துக் கட்டியபடி ஒரு யானைக்கன்று. தாய் வெடிபட்டுக் காட்டோரம் கிடந்ததாம். கன்று இரண்டு நாளாய் அந்தப் பிணத்தை விட்டு அசையவில்லையாம்.

"விட்டிட்டு வர மனம் கேக்கேல்லை, பரியாரியார். நீங்கள் மாட்டுக்குப் பாக்கிறனியள்தானே?"

"மாட்டுக்குத்தான் தம்பி பாக்கிறனான். இது மலையெல்லோ!"

சொன்னாரே தவிர, சொல்லி முடிக்கமுன் லொறியில் ஏறிவிட்டார்.

ஊர் திரண்டது. பிள்ளையாரே படலைக்கு வந்துவிட்டார் என்று கோயிலுக்குப் போவதுபோலச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாற்செம்பும் மோதகமும் கற்பூரமுமாய் வந்தார்கள். வாயைப் பிளந்து மாட்டுப்பாலை ஊற்றினார்கள். அடுத்த நாள் கன்றுக்கு வயிற்றாலை போய், எழும்ப மாட்டாமல் படுத்துவிட்டது. அப்போதும் கோயில் மனேச்சர் கனகரத்தினத்தார் இன்னொரு செம்போடு வந்து நின்றார். பரியாரி வழக்கம்போலக் குனிந்து, முகர்ந்து, நிமிர்ந்தார்.

"உங்கடை பக்திதான் இதுக்கு நஞ்சு. கொண்டுபோங்கோ."

"சுவாமியை உப்பிடிக் கதையாதையும் காணும்!"

"சுவாமிக்கு வயித்தாலை போகுமோ?"

தேங்காயின் முதற்பாலை அரிசிக்கஞ்சியில் கலந்து தரச் சொன்னார். பிழிந்தவள் நான், பக்கத்து வளவுக்காரி. கன்று எழும்பி நின்றது, ஆனால் குடிக்கவில்லை. குழாயை வாயருகே கொண்டுபோனால் தும்பிக்கையை அந்தரத்தில் அலைத்து எதையோ தேடும். கிடைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பரியாரி ஒரு பகல் முழுவதும் அதற்கு எதிரே குந்தியிருந்து பார்த்தார். பின்னேரம் எழும்பி, ஒரு சாக்கை நனைத்து இரண்டு பூவரசுக்கு நடுவே தொங்கவிட்டார். கன்று தும்பிக்கையை அந்த ஈரச்சாக்கில் முட்டுக்கொடுத்தது. கண்ணை மூடியது. குடித்தது.

"தாயின்ரை வயிறு," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அதற்கு முன் அவர் ஒரு யானையைத் தொட்டதுகூட இல்லை. அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. விளங்கினதாகச் சொல்கிறவர்களை நான் நம்பவும் மாட்டேன்.

பதினாலு மாதம் வைத்திருந்தார். கணபதி என்று கூப்பிடுவோம் என்றேன். "பேர் வைச்சால் கூப்பிடவேணும், நல்லம்மாக்கா. கூப்பிட்டால் வரும். வந்து பழகினது காட்டுக்குப் போகாது," என்றார். தடவமாட்டார். பனை வடலி ஓலையை வாயில் கொடுக்காமல் வளவின் மூலைக்கு மூலை ஒளித்துவைப்பார், தேடித் தின்னட்டும் என்று.

கனகரத்தினத்தாரோ தேருக்கு முன்னால் அதை நடத்திப் பார்க்க ஆசைப்பட்டார். ஒருநாள் பத்துப்பேரோடு வந்து வேலிக்கு மேலால் ஒரு கதலிப்பழத்தை நீட்டினார். கன்று தும்பிக்கையை நெற்றிக்கு மேலே தூக்கியது. வந்தவர்கள் அரோகரா என்றார்கள்.

"பாத்தீரோ? தானாக் கும்பிடுது! காலுக்குச் சங்கிலி செய்யவும் சொல்லிப்போட்டன்."

தானாக இல்லை. பத்து நாளாக, பரியாரி வைத்தியத்துக்குப் போன நேரமெல்லாம் மனேச்சர் வேலியோரம் நின்று பழக்கியிருக்கிறார்.

பரியாரியின் முகம் கறுத்தது. "இண்டைக்குப் பழத்துக்குத் தூக்கும். நாளைக்குத் தடிக்குத் தூக்கும்," என்றார். கன்றைக் காட்டில் விட அன்றிரவே சிமியோனுக்குச் சொல்லியனுப்பினார். மறுநாள் விடிய, சிமியோனின் லொறி படலையில் நின்றது. நானும் ஏறினேன். வேண்டாம் என்றார்கள். பால் பிழிகிறவள் நான், இறங்கமாட்டேன் என்றேன்.

ஆனையிறவில் மறித்தார்கள். லொறியை மூடியிருந்த படங்கை விலக்கிய ஆமிக்காரன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினான். கன்றின் தும்பிக்கை மேலெழும்பத் தொடங்கியது. பரியாரி எட்டி அந்தப் பழத்தை வாங்கி, உரித்துத் தானே தின்றுவிட்டார்.

லொறி கடனீரேரியைத் தாண்டும்போது சொன்னார்: "அந்தக் காலத்திலை வன்னி ஆனையளை இந்த வழியாலை கொண்டுவந்துதான் கப்பல் ஏத்தினவங்களாம். ஒண்டும் திரும்பிப் போகேல்லை."

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தது கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரன் சிமியோன்தான். அதற்கு அப்பால், காட்டுக்குள் ஒரு குளம். இரண்டு நாள் காத்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாய, அக்கரையில் மரங்கள் நடந்து வருவதுபோல வந்தன. எட்டோ ஒன்பதோ. முன்னால் நின்ற பெரிய பெண் யானை எங்கள் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டது. காதால் கேட்ட சத்தம் இல்லை அது. குளக்கட்டு மண் அதிர்ந்து உள்ளங்காலால் ஏறியது. எனக்கு வாயில் தேவாரம் வரவில்லை.

கன்று குளத்தோரமாகப் போனது. பாதியில் நின்றது. திரும்பி, பரியாரியைப் பார்த்துத் தும்பிக்கையை நெற்றிக்கு மேலே தூக்கியது.

"ஐயோ மாதாவே," என்றான் சிமியோன்.

பரியாரி கன்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "என்ன செய்யுது?" என்று எதிரே நின்ற என்னைக் கேட்டார்.

"தூக்கினபடி நிக்குது."

தோள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இப்ப?"

"இறக்கிப்போட்டுது. போகுது, தம்பிஐயா. போகுது!"

பெரிய யானை எதிர்கொண்டு வந்து தும்பிக்கையைக் கன்றின் வாய்க்குள் விட்டது. காதைத் தடவியது. பிறகு அதைத் தன் முன்னங்கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு, தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது.

"பரியாரியார், வாங்கோ, ஓடுவம்!" சிமியோன் லொறிப் பக்கம் ஓடினான்.

பரியாரி ஓடவில்லை. யானையின் பக்கம் திரும்பினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.