நாள் தள்ளிப்போனவள்

பைக்காவின் இடது கை துணியைத் திருப்பும், வலது கை ஓரத்தை மடிக்கும், கால் மிஷினை ஓட்டும். கால்சட்டைக்குப் பை தைப்பது அவள் வேலை. ஒரு பை முடியுமுன் அடுத்த துணி மடியில் வந்து விழும். பையையும் அக்காவையும் சேர்த்துப் ‘பைக்கா’ என்று ஆக்கிவிட்டார்கள். சொந்தப் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது.

பக்கத்து மிஷினில் இடுப்புப்பட்டி தைப்பவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“நல்ல கூத்து. ஊருக்கே பை வெச்சுத் தர்றவளுக்குப் பை இல்ல.”

“உனக்கு மட்டும் இருக்கா?”

“எனக்கும் போன வருஷமே கெளம்பிடுச்சு. தொல்லை விட்டது போ.”

வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்த வரிசையில் நாற்பதைத் தொடாதவர்களிலேயே பாதிக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். உதிரப்போக்கு அதிகம் என்று ஒருத்தி முனகினால், சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொல்வதுபோல ஆளாளுக்கு ஒரே கிளினிக்கைக் கைகாட்டுவார்கள். மாதாமாதம் எழுந்து எழுந்து போனால் சூப்பர்வைசர் முகம் கோணும். எடுத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

பைக்காவின் வீட்டில் வயது இறங்கிக்கொண்டே வந்தது. மாமியாருக்கு நாற்பத்தெட்டில் எடுத்தார்கள். பைக்காவுக்கு முப்பதில். நாத்தனாருக்கு இருபத்தாறு முடியவில்லை, மறுநாள் காலை ஆபரேஷனுக்குப் படுக்க வேண்டும்.

நாத்தனார் அதே தையல் பட்டறையில் காஜா எடுப்பவள். பொத்தானுக்கு ஓட்டை போடும் அந்த வேலையே அவளுக்குப் பேராகி, வீட்டிலும் ‘காஜா’தான். ஒரு பெண் குழந்தை உண்டு.

பைக்காவுக்கு ஒரு பையன். இன்னொன்று வேண்டும் என்று இருந்தபோதுதான் போக்கு அதிகமானது. “விட்டு வெச்சா புத்துநோயா மாறினாலும் மாறலாம்” என்று கிளினிக்கில் சொன்னார்கள். பயத்தில் தலையாட்டிவிட்டாள். சினைப்பையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதனால் மாதாமாதம் மார்பு கனக்கும், அடிவயிறு இழுக்கும், ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும். வர வேண்டியது மட்டும் வராது. குளியலறையில் துணியைப் பார்த்துவிட்டு நிற்கும்போது, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு நொடி மனசு குதிக்கும். எத்தனை தரம் ஏமாந்தாலும் அதற்குப் புத்தி வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய புடவை, போர்வை, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏண்டி, பையை எடுத்தாச்சா?” என்று மகளைக் கேட்டார்.

“நாளைக்குத்தாம்மா எடுப்பாங்க” என்றாள் காஜா.

தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பைக்கா சிரிக்கவில்லை.

“என்ன அண்ணி, மூஞ்சி இப்படி இருக்கு?”

“பாத்திரத்துல பிசுக்கு.”

“பிசுக்கு பாத்திரத்துலயா, மனசுலயா?” காஜா அருகில் வந்து குந்தினாள். “நெஜத்தைச் சொல்லுங்க. எடுத்த பிறகு எப்படி இருக்கும்?”

தொல்லை விட்டது என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பட்டறையில் எத்தனை பேருக்குச் சொன்ன பதில்!

“எனக்கு நாலு வருஷமா நாள் தள்ளிப்போயிருக்குடி” என்றாள்.

காஜா சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“இன்னொண்ணு வேணும்னு இருந்துச்சா?”

“இருந்துச்சா என்ன, இன்னும் இருக்கு. எடுக்கும்போது அதைச் சேர்த்து எடுக்கலையே. உனக்கு?”

காஜா சுவரைப் பார்த்தாள். “வேணும் அண்ணி. டாக்டர்கிட்ட சொன்னேன். ஒண்ணு இருக்கே, போதாதான்னாங்க.”

“ரத்தம் சோதிச்சாங்களா? மாத்திரை குடுத்துப் பார்த்தாங்களா?”

“ஒரு ஸ்கேன். உடனே எடுத்துடலாம்னுட்டாங்க.”

மாமியார் போர்வையைக் கீழே வைத்தார். “நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப என்ன பஞ்சாயத்து? லீவு சொல்லியாச்சு. நானும் எடுத்தவதானே, எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?”

“நீங்க மூணு பெத்து முடிச்ச பிறகு எடுத்தீங்க அத்தை.”

“அதுக்கு? இவ வெளுத்துப்போய்ச் சுருண்டு படுக்கறாளே, அதுக்கு என்ன வழி?”

நியாயமான கேள்வி. பைக்கா கையைக் கழுவினாள்.

“எனக்குத் தெரியாது அத்தை. வழி இருக்கான்னு பெரிய ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வர்றோம். எடுத்தே ஆகணும்னு அங்கேயும் சொன்னா, நானே கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைக்கறேன். துணைக்கும் நானே இருக்கேன்.”

மாமியார் ஃபிளாஸ்க்கை மட்டும் திரும்பவும் அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலை இருவரும் பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவில் இருந்தார்கள். டாக்டரம்மா “என்ன பிரச்சினை?” என்று கேட்டதும் காஜா அண்ணியைப் பார்த்தாள். பைக்கா முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

“போக்கு நிக்க மாட்டேங்குது” என்றாள் காஜா. “ஆனா எனக்கு இன்னொரு குழந்தை வேணும்.”

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் படத்தை வாங்கிப் பார்த்தார். ரத்தச் சோதனை முடிவு வந்ததும், சின்னக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை, ரத்தம்தான் மிகக் குறைவு, முதலில் போக்கை மாத்திரையில் நிறுத்திப் பார்ப்போம் என்றார். குழந்தை பற்றி உறுதி எதுவும் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

பைக்கா வெளியே வந்து கிளினிக்குக்குப் போன் செய்து, இன்றைக்கு வரவில்லை என்றாள்.

“நாளைக்கு வர்றீங்களா?”

“இல்லைங்க” என்று வைத்துவிட்டு, மாத்திரை வாங்கும் வரிசையில் போய் நின்றாள்.