மிஸ் ஹார்ல்டனுக்குப் போன கடிதம்

எங்கள் காலத்தில் பெரிய வீட்டு வேலைக்காரர்களுக்குச் சொந்தப் பெயர் வீட்டோடு சரி. வேட்டை விருந்துக்கு எசமானியோடு வேறொரு மாளிகைக்குப் போனால், அங்குள்ள வேலைக்காரர்கள் எசமானியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பந்தியிலும் அதே கண்ணராவிதான். டியூக் மனைவியின் பணிப்பெண்ணுக்கு முதல் நாற்காலி, சின்னப் பிரபு வீட்டுக்காரிக்குக் கடைசி. ஆனாலும் அந்தப் பந்தியை நினைத்தால் இன்றும் மனசு ஏங்குகிறது. ஆட்டுக்கறியும் பியருமாக என்ன சிரிப்பு, என்ன சண்டை! நான் வேலை பார்த்த மாளிகை இப்போது பள்ளிக்கூடமாகிவிட்டது.

இங்கிலாந்தில், நார்ஃபோக் பக்கம் வெல்பரி மாளிகையில் நான் அடுப்படி வேலை பார்த்தேன். டிசம்பர் தோறும் ஹார்ல்டன் சீமாட்டியோடு அவருக்குத் தலைவாரி உடுத்திவிடும் பெண் வருவாள். முப்பத்திரண்டு வயது, ஒல்லி, பொல்லாத வாய். மீனவர் மகள் என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது. எங்களுக்கு அவள் 'மிஸ் ஹார்ல்டன்', அவ்வளவுதான். அவள் வந்துவிட்டால் எங்கள் குதிரை லாயத்து ஆம்ப்ரோஸ் தர்ட்டலுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மூன்றாவது வருடம் அவள் கிளம்பும்போது ஆம்ப்ரோஸ், "எழுதறேன்" என்றார்.

"எழுதுங்க, பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே வண்டி ஏறினாள்.

அடுத்த டிசம்பரில் வந்து இறங்கியவளை ஆம்ப்ரோஸ் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் நேரே அடுப்படிக்கு வந்தாள்.

"ஏண்டி பெக்கி, இந்த மனுசனுக்கு என்ன வந்துச்சு? ஒரு வரி எழுதலை. இப்ப மூஞ்சியையும் திருப்பிக்கிறாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கே கதை! கட்டிக்கிறீங்களான்னு கேட்டு ஜனவரியிலேயே எழுதிட்டாரு. உறைமேல 'மிஸ் ஹார்ல்டன்'னு எழுதி, எங்கிட்டக் காட்டிட்டுத்தான் தபால்ல போட்டாரு. பதில் போடாம இருந்துட்டுப் பேசறதைப் பாரு!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுல மிஸ் ஹார்ல்டன்னா எசமானியோட மகடி. யாரோ லாயக்காரன் தன்னைப் பொண்ணு கேட்டு எழுதியிருக்கான்னு அது பேரைச் சொல்லாம வீடு பூரா சொல்லிச் சிரிச்சுது. பாவி, நானும்தான் கூடச் சிரிச்சேன்."

அப்படியே லாயத்துக்கு ஓடினாள். பிசைந்த மாவை விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

ஆம்ப்ரோஸ் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. "பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்" என்றார்.

"உங்க கடுதாசி எங்க எசமானி மக கைக்குப் போயிருச்சு. என் பேரு ஹெஸ்டர் லார்ட்டர்."

அவர் கை நின்றது. "மூணு வருசமா அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டேன். ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஒரு நாள் கேட்டிருக்கக் கூடாதா?" அவளும் விடவில்லை. "பதில் போடறதுக்குத் தபால்தலை வாங்கி பைபிளுக்குள்ள வச்சுக்கிட்டு, பதினோரு மாசமாக் காத்துக் கிடக்கேன்யா!"

ஆம்ப்ரோஸ் வைக்கோல்மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மாவுக் கையோடு வாசலில் நின்று நானும் அழுதேன்.